வடசென்னையில் வழித்துணை

சென்னை மாநகரின் வடகோடியில் கடலை ஒட்டியவாறு ஒரு நெடுவழி செல்கிறது. இராயபுரத்தில் புறப்பட்டு, கல்மண்டபம், தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்த் தேரடி, எர்ணாவூர் என ஒவ்வோர் ஊராகத் தொட்டுக்கொண்டு அது எண்ணூரை அடைகிறது. ஒருபுறம் வங்கக் கடலும் மீனவர் குப்பங்களும். மறுபுறம் ஆலைகளும், அவற்றின் புகைபோக்கிகளும், துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளின் முடிவற்ற வரிசையும். அழகிய காட்சிகளை நாடி வருவோர் மெரினாவையும் மயிலாப்பூரையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். இப்பக்கம் எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே.

ஆயினும் அன்பு வாசகர்களே, முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பத் தொடங்குகின்றனர் என்பதை அறிய விழைவோர்க்கு இவ்வழியினும் சிறந்த பாடசாலை வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அப்பாடம் நடைபெறும் வகுப்பறை, ஷேர் ஆட்டோ எனப்படும் சிறிய வண்டியே ஆகும்.

பொழுது புலர்வதற்கு முன்பே "டோல்கேட், தேரடி, எண்ணூர்!" என்ற கூவல் சாலையோரத்தில் கேட்கத் தொடங்கிவிடுகிறது. கையை நீட்டினால் வண்டி நிற்கும். உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே ஆறேழு பேர். ஆலைக்குச் செல்லும் தொழிலாளி, கல்லூரி மாணவி, பேரக்குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்லும் மூதாட்டி, இரவுப் பணி முடிந்து கண் சொருகி அமர்ந்திருக்கும் காவலாளி. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஓட்டுநரின் பெயரும் எவருக்கும் தெரியாது. இருந்தும் அனைவரும் தங்கள் உயிரையும் உடைமையையும் அந்த வண்டியில் ஏற்றி அமர்கின்றனர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பின்பும் இவ்வண்டிகள் மறைந்துவிடவில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இதை நாம் சற்று ஆர அமர நோக்குவோம்.

வந்து சேர்ந்தவர்களின் கரை

முதலில் இம்மண்ணின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். வடசென்னையில் பழங்குடியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளத் தகுந்தவர்கள் கடற்கரை மீனவ மக்களும் திருவொற்றியூர்க் கோயிலைச் சார்ந்த பழைய ஊரினருமே. மற்றையோர் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். காலடிப்பேட்டை என்னும் பெயரைக் கேட்பவர்கள் அது எவருடைய காலடியோ என வியப்பர். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

பின்னர் ஆலைகள் எழுந்தன. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூரில் 1955-இல் என்பீல்டு இந்தியா, அவற்றோடு தீப்பெட்டி ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், அனல்மின் நிலையம் என ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானவர்களை ஈர்த்தது. 1960-களில் பர்மாவில் வணிகங்கள் அரசுடைமை ஆக்கப்பட்டபோது வாழ்விழந்து கப்பலேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் இப்பகுதியில் குடியேறினர். எர்ணாவூரில் பர்மா நகர் என்னும் பெயர் அதற்குச் சான்று பகர்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வீடுகளை விழுங்கியபின், கரையோர மக்கள் பலர் எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். வீடு ஓரிடத்தில், பிழைப்பு காசிமேட்டில் என்றானபோது அவர்களுக்கும் இந்த வண்டிகளே கதியாயின.

ஆக, இங்கே ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காலத்தில் அந்நியராக வந்து நின்றவரே. தான் வந்திறங்கிய நாளில் எவரோ தள்ளி அமர்ந்து இடம் கொடுத்தார் என்பதை அவரவர் குடும்பம் மறப்பதில்லை.

தைத்த படகும் முதல் இரயிலும்

அந்நியர் கையில் உயிரை ஒப்படைக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொந்தளிக்கும் அலைகளைக் கடக்க மசூலா படகு ஒன்றே வழி. ஆளுநரானாலும் அடிமையானாலும் அப்படகில்தான் ஏறவேண்டும். அப்படகில் இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பர். ஆணி அறைந்த படகு அலையின் மோதலில் விறைத்து நின்று பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்துகொடுத்து மீளும். கடல் சீறும் வேளைகளில் கட்டுமரங்கள் துணையாக உடன் செல்லும். எவரேனும் தவறி விழுந்தால் கட்டுமரக்காரர் பாய்ந்து மீட்பர்.

இப்படகோட்டிகளின் வழிவந்தோர் வாழும் இராயபுரத்தில் இராயப்பர் ஆலயம் எழுந்தது. ஊரின் பெயரே அப்புனிதரின் பெயரால் அமைந்தது என்பர். படகோட்டிகள் அனைவரும் உத்தமர்கள் என்று நாம் சாதிக்கப்போவதில்லை. பாதி வழியில் கூடுதல் கூலி கேட்டனர் என்று அக்காலப் பயணிகள் எழுதிவைத்த முறையீடுகளும் உண்டு. இன்றைய ஆட்டோப் பேரத்தின் மூதாதையை அங்கே காண்கிறோம்! எனினும் அலையில் படகைச் செலுத்தும் திறமையை எவரும் ஐயுற்றதில்லை. கூலியில் நம்பாதவரும் துடுப்பில் நம்பினர். நம்பிக்கை என்பது ஒரே கட்டியாக இருப்பதில்லை. எந்தக் காரியத்தில் எவரை நம்பலாம் என்று மனிதர் பிரித்தறிந்தே நம்புகின்றனர்.

அவ்வழித்தோன்றல்களின் கைத்திறன் அழிந்துவிடவில்லை. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னைக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, தாங்கள் முன்னர்க் கண்டிராத தெருக்களில் நீரில் சிக்கிய குடும்பங்களை மீட்டனர். மாடியில் தவித்து நின்றவர்கள் படகோட்டியின் ஊரையும் குலத்தையும் கேட்டா ஏறினார்கள்?

இராயபுரத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. தீண்டாமையும் சாதி வேற்றுமையும் ஊறிய இந்நாட்டு மக்கள் ஒரே பெட்டியில் நெருங்கி அமர்வார்களா என்று அக்காலத்தில் ஐயுற்றோர் உண்டு. மக்கள் அமர்ந்தனர். பெட்டிகள் பணத்தால் பிரிக்கப்பட்டன. பயணச்சீட்டோ குலம் கேட்கவில்லை. ஊருக்குள் தெரு மாறி நடக்க இயலாதவனும் இரயிலில் இடம் பிடித்தான்.

ஜெர்மானிய சமூகவியலார் கியோர்க் சிம்மல் 1908-இல் வெளியிட்ட தமது நூலில் நுட்பமான ஒரு கருத்தைக் கூறியுள்ளார். பேருந்தும் இரயிலும் டிராமும் வருவதற்கு முன்னர், மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்தவாறு அமர்ந்திருக்க நேர்ந்ததே இல்லை என்பது அவர் கூற்றின் சாரம். பேசாமலே நம்பக் கற்றுக்கொள்வது நவீன மனிதனின் புதிய பழக்கம். அதை நம் மக்கள் இராயபுரத்தில் 1856 முதல் பயின்று வருகின்றனர்.

வண்டிக்குள் நிகழ்வது

இனி வண்டிக்குள் நோக்குவோம். நம்பிக்கையைத் தாங்கும் தூண்கள் சிலவற்றை நாம் அங்கே காணலாம்.

முதலாவது, வழி. வண்டி செல்லும் பாதை அனைவருக்கும் தெரியும். ஓட்டுநர் பிரதான சாலையை விட்டுப் பழக்கமில்லாத சந்தில் திரும்பினால் ஆறேழு வாய்கள் ஒரே நேரத்தில் "எங்கே போறீங்க?" என்று கேட்கும். அங்கே குழாய் உடைந்து பள்ளம் தோண்டியிருக்கிறது என்று அவர் விளக்கம் சொல்லியாகவேண்டும். தனி மகிழுந்தில் ஓட்டுநர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வழி, இங்கே பொதுச் சொத்தாக இருக்கிறது.

இரண்டாவது, சாட்சி. இரண்டு அந்நியர்கள் தனித்திருந்தால் அச்சம் பிறக்கும். மூன்றாமவர் ஒருவர் வந்து அமர்ந்தால் அவ்வச்சம் பாதி குறையும். இரவு எட்டு மணிக்குமேல் ஓர் இளம்பெண் கை நீட்டி வண்டியை நிறுத்தினால், ஏறுமுன் உள்ளே குனிந்து நோக்குவாள். ஓட்டுநருக்கு அந்தப் பார்வையின் பொருள் தெரியும். "உள்ள லேடீஸ் இருக்காங்க, ஏறும்மா" என்பார். உள்ளே அமர்ந்திருக்கும் பெண்மணியும் ஒன்றும் பேசாமல் சற்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விடுவார். அந்த ஒரு நகர்வில் ஒரு வாக்குறுதியே அடங்கியிருக்கிறது. தான் இறங்குமிடம் முதலில் வந்துவிட்டால், "நீ எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டுவிட்டே இறங்கும் தாய்மாரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, உறவுச்சொல். வண்டியில் ஏறிய நொடியிலேயே அந்நியர் எவரும் அந்நியராக இருப்பதில்லை. "ஆயா, நீ இப்டி குந்து", "தம்பி, பையை மடியில வச்சுக்கோ", "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உறவு வழங்கப்பட்டுவிடுகிறது. உறவுச்சொல் வெறும் மரியாதை அன்று. அண்ணா என்று அழைக்கப்பட்டவன் அண்ணனைப்போல் நடக்கவேண்டும் என்னும் கடமை அச்சொல்லோடு கூடவே வருகிறது. அச்சொல்லை ஏற்றுக்கொண்டு இழிவாக நடப்பவனை வண்டியில் உள்ள மற்றவர்கள் சும்மா விடுவதில்லை.

நான்காவது, நாளை. அதே நேரத்தில், அதே நிறுத்தத்தில், பெரும்பாலும் அதே முகங்கள். இன்று ஏமாற்றியவன் நாளை அதே முகத்தோடு வந்து நிற்கவேண்டும். 1984-இல் இராபர்ட் ஆக்செல்ராடு என்னும் அமெரிக்க அறிஞர் ஒத்துழைப்பைக் குறித்து எழுதிய நூலில் இதையே ஆராய்ந்தார். மீண்டும் சந்திக்கப்போகிறோம் என்னும் எண்ணம் இருக்கும் இடத்தில், தன்னலம் கருதுவோரும் ஒத்துழைக்கக் கற்றுக்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

நல்ல சமாரியன் உவமையிலும் இதே உண்மை மறைந்து கிடப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். சமாரியனின் இரக்கத்தை நாம் பலமுறை சிந்தித்திருக்கிறோம். சத்திரக்காரனைக் குறித்துச் சிந்தித்தோமா? வேற்றினத்தான் ஒருவன் இரண்டு நாணயங்களைக் கொடுத்து, மிகுதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறான். சத்திரக்காரன் அதை ஏற்றுக்கொள்கிறான். அடிபட்டவனைச் சுமந்து வந்த செயலையும் அவன் கண்டான். இவன் இவ்வழியே மீண்டும் வருவான் என்ற சொல்லையும் கேட்டான். கண்ட செயலும் வரப்போகும் நாளும் சேர்ந்தே அந்நியனுக்குக் கடன் கொடுக்கச் செய்தன.

கைமாறும் காசு

வடசென்னையின் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் நாம் காணும் மற்றொரு வழக்கம் பிற ஊரினரை வியப்பில் ஆழ்த்துவதாகும். மாநகரப் பேருந்தின் நடத்துநர் தம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். முன்பக்கம் நிற்பவர் ஓர் ஐம்பது ரூபாய்த் தாளை அருகிலிருப்பவரிடம் நீட்டி, "ஒரு கல்மண்டபம், பின்னாடி குடுங்க" என்பார். அத்தாள் ஐந்தாறு பேரின் கைகளைக் கடந்து நடத்துநரை அடையும். பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே, ஒரு ரூபாயும் குறையாமல், உரியவரிடம் திரும்பி வரும். கொடுத்தவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இடையிலுள்ளவர்களில் கையில் பணமின்றித் தவிப்பவர் எத்தனை பேரோ! எனினும் அந்தத் தாள் எவர் பைக்குள்ளும் செல்வதில்லை.

இது சிறு காரியம் என்று எண்ணற்க. பெரிய நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. ஐம்பது ரூபாயில் நாள்தோறும் பயின்றவர்களே, ஆபத்து வேளையில் குழந்தையை அந்நியர் கையில் கொடுக்கும் துணிவு பெறுகின்றனர்.

இன்று இவ்வழக்கம் குறைந்து வருகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர்; ஏழைப் பெண்களுக்கு அது பெரும் நன்மை. ஆட்டோக்களில் ஓட்டுநருக்குப் பின்னால் சதுரக் குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறது. கைப்பேசியைக் காட்டியதும் பணம் சென்று சேர்கிறது. சில்லறைச் சண்டை ஒழிந்தது, மகிழ்ச்சியே. ஆனால் பணம் கை மாறாத இடத்தில், கையை நீட்டி உதவும் வாய்ப்பும் ஒன்று குறைகிறது. ஒவ்வொருவரும் தத்தம் திரையில் ஆழ்ந்திருக்க, பக்கத்திலிருப்பவர் இறங்கும்போதுதான் அவர் இருந்ததே தெரிகிறது. வசதியோடு வரும் இவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்வது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கடல் கடந்த வழக்கங்கள்

பிற நாடுகளிலும் இத்தகைய பாடங்கள் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குள் செல்லும் நெடுஞ்சாலையில், பலர் சேர்ந்து செல்லும் மகிழுந்துகளுக்கு மட்டும் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. எரிபொருள் நெருக்கடி மிகுந்த 1970-களில், தனியே வந்த ஓட்டுநர்கள் பேருந்து நிறுத்தங்களில் வரிசையில் நின்ற அந்நியர்களை ஏற்றிக்கொண்டு அத்தடத்தில் செல்லத் தொடங்கினர். ஓட்டுநருக்கு நேரம் மிச்சம்; பயணிக்குக் கட்டணம் மிச்சம். பணம் கைமாறுவதில்லை. அரசு வகுக்காத விதிகளை மக்களே வகுத்துக்கொண்டனர். பயணி தானாகப் பேச்சைத் தொடங்கக்கூடாது, வண்டியில் உண்ணக்கூடாது, வரிசையில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுச் செல்லக்கூடாது. இக்கடைசி விதி நம் எர்ணாவூர்த் தாய்மாருக்கு எவரும் கற்பிக்காமலே தெரிந்திருக்கிறது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

பிரான்சு நாட்டில் 2006-இல் தோன்றி 2015-இல் இந்தியாவுக்கும் வந்த பிளாபிளாகார் என்னும் அமைப்பு, ஊர்விட்டு ஊர் செல்லும் மகிழுந்தில் காலி இருக்கைகளைப் பகிர வழி செய்தது. அங்கே நம்பிக்கைக்கு அடிப்படை, முன்பு உடன் சென்றவர்கள் எழுதிவைக்கும் கருத்தும் மதிப்பெண்ணும். ஒருவர் எவ்வளவு பேசுவார் என்பதையும் முன்கூட்டியே குறித்துவிடலாம். முகம் தெரியாத இடத்தில் ஏடு சாட்சி சொல்கிறது. நம் சாலையில் முகமே ஏடாக இருக்கிறது. இரண்டிலும் தவறுகள் நேரலாம். மதிப்பெண்ணை நம்புவோரும், முகத்தை நம்புவோரும் விழிப்பாக இருத்தல் நன்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உலகெங்கும் இவ்வண்டிகள் நின்றன. அடுத்தவரின் மூச்சே நஞ்சு என அஞ்சிய நாள்கள் அவை. மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை மட்டும் கொண்டு மக்கள் மறுபடியும் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்டனர்.

இடம் மறுக்கப்பட்டோர்

இதுவரை இனிய பக்கத்தையே கூறினோம். இனி கசப்பான பக்கம். தள்ளி அமர்ந்து இடம் கொடுக்கும் இம்மக்கள் எல்லாருக்கும் இடம் கொடுக்கின்றனரா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடியும் வேளையில் சென்று பாருங்கள். கூடைகளோடு வெளியே வரும் மீன்காரப் பெண்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும் வண்டிகள் உண்டு. கூடை சொட்டும், வாடை வீசும், மற்றவர்கள் ஏறமாட்டார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறது எனக் கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் நியாயம் கேட்டுக் கதறிய காட்சி நாடெங்கும் பரவியது. ஊழியர் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை கிடைத்தது நன்று. ஆனால் அவ்வண்டிக்குள் இருந்த பயணிகள் என்ன செய்தனர் என்ற கேள்வி நம்மை நோக்கியும் எழுகிறது. நம் வீட்டுக் குழம்பில் மணப்பது, நம் பக்கத்து இருக்கையில் நாறுகிறதா?

அப்பெண்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டியைப் பேசிவைத்துக்கொள்கின்றனர். ஏலத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்களே, ஒருவர் கூடைமேல் மற்றவர் கூடையை அடுக்கிக்கொண்டு, வாடகையைப் பங்கிட்டுச் செல்கின்றனர். ஒருவருக்கு அன்று கையில் பணமில்லையெனில் மற்றவர் போட்டுக்கொள்வார். மாலையில் கணக்குத் தீரும். எழுதிவைத்த ஏடு எதுவும் இல்லை. மகிழுந்தைப் பகிர்ந்து செல்லும் புதிய நாகரிகத்தைக் குறித்து இன்று பலரும் பேசுகின்றனர்; இவர்களோ அதை வேறு வழியின்றித் தொடங்கி, நெறி தவறாமல் நடத்தி வருகின்றனர்.

இன்று இடம் கிடைக்காது தயங்கி நிற்கும் வேறொரு கூட்டமும் உண்டு. பீகார், ஒடிசா, வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து எண்ணூர், மணலி, அத்திப்பட்டுப் பகுதிகளில் கடும் வேலை செய்யும் இளைஞர்கள். அவர்களுக்கு நம் உறவுச்சொற்கள் தெரியா. நமக்கு அவர்கள் மொழி தெரியாது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரப்பப்பட்டன. அவை பொய் எனக் காவல்துறை அறிவித்தது. ஆயினும் அச்சத்தில் ஊர் திரும்பியோர் உண்டு. அச்சத்தை விதைத்தவர்கள் எங்கோ தொலைவில் திரைக்குப் பின்னால் இருந்தனர். அவர்களோடு நாள்தோறும் ஒரே வண்டியில் சென்ற நாமோ, "பயப்படாதே தம்பி" என்று சொல்லும் அளவுக்குக்கூட அவர்களை அறிந்திருக்கவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களுக்கும் இடம் தந்த இக்கரை, இவர்களுக்கும் தரவேண்டிய கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஒரு நள்ளிரவு

நம்பிக்கையின் உரைகல் ஆபத்துக் காலமே. 2023 டிசம்பர் வடசென்னைக்குக் கொடிய மாதமாக அமைந்தது. மிக்ஜாம் புயலின் பெருமழையில் ஊர் மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து கழிமுகத்தை அடைந்து, படகுகளிலும் வலைகளிலும் கருமையாகப் படிந்தது. அதன் துயர் தீருமுன்னரே, டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி எழுந்தனர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் சாலைக்கு ஓடினர். ஆட்டோ, வேன், இருசக்கர வண்டி எனக் கிடைத்ததில் ஏறி ஊரைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

அந்நேரத்தில் வண்டி யாருடையது, ஓட்டுபவர் யார், கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்க எவருக்கும் பொழுதில்லை. தங்கள் உயிரைக் காத்துக்கொண்டு தனியே ஓடிவிட்டால் எவரும் குறை கூற இயலாத இரவு அது. அத்தகைய இரவில் ஒருவர் வண்டியை நிறுத்தி மற்றவரை ஏற்றுகிறார் என்றால், அது அந்த நொடியில் பிறந்த ஈகை மட்டுமன்று. கை நீட்டினால் வண்டி நிற்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன பழக்கம் அங்கே பலனளித்தது. நாள்தோறும் தள்ளி அமர்ந்தவர்களே அன்றும் தள்ளி அமர்ந்தனர்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லவேண்டும். அம்மக்கள் அயலாரை நம்பினர். அயலார் அந்நம்பிக்கையைக் காத்தனர். தங்கள் வாசலில் நஞ்சைக் கையாளும் பெரிய நிறுவனங்களையும், அவற்றைக் கண்காணிக்கவேண்டியவர்களையும் கூட அம்மக்கள் நம்பித்தான் உறங்கினர். ஐம்பது ரூபாய்த் தாளை ஒழுங்காகக் கடத்திவிடும் ஏழைக்குள்ள நாணயம், கோடிகளைக் கையாள்வோரிடம் எதிர்பார்க்கப்படுவது தவறாகுமா?

நமக்குரிய கடமை

அன்பு வாசகர்களே, நாம் அனைவரும் ஏதோ ஒரு வண்டியில் நாள்தோறும் செல்பவர்களே. பெருஞ்செயல்கள் நம்மால் இயலாமல் போகலாம். இவை இயலும்: பக்கத்திலிருப்பவருக்கு இடம் விட்டு நகர்தல், நீட்டிய காசை முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுத்தல், இரவில் தனியே வரும் பெண்ணுக்கு நம் முன்னிலை பாதுகாப்பாக அமையும்படி நடத்தல், கூடையோடு நிற்கும் தாயைக் கண்டு ஓட்டுநர் வேகம் கூட்டினால், "நிறுத்துங்க, அவங்களும் வரட்டும்" என்று ஒரு சொல் சொல்லுதல், மொழி அறியாத இளைஞனுக்கு அவன் இறங்கவேண்டிய இடத்தைக் காட்டுதல். நம் பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிப்போம். அந்நியரிடம் பேசாதே என்று எச்சரிக்கும் நாம், அந்நியருக்கு எவ்வாறு உதவுவது என்பதையும் உடன் சொல்லித்தர வேண்டும். ஆபத்தை உணரும் கண்ணும், உதவும் கையும் ஒரே பிள்ளையிடம் வளரமுடியும். பெரியவர்கள் நாம் வண்டியில் நடந்துகொள்ளும் முறையைப் பார்த்தே அவர்கள் இரண்டையும் கற்றுக்கொள்வர்.

இக்கரையின் பழைய படகுகளை ஆணி தாங்கவில்லை, தையலே தாங்கியது. ஒவ்வொரு தையலும் சிறிய கயிற்றுத் துண்டுதான். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் நீர் உட்புகும் என்பதால், படகோட்டிகள் அவ்வப்போது தையலைச் சோதித்து இறுக்குவர். நம் ஊரும் அவ்வாறே தைக்கப்பட்டிருக்கிறது. இன்று நாம் ஏறும் வண்டியில், நம் பக்கத்துத் தையல் தளராமல் பார்த்துக்கொள்வோமாக.